ஃபவுண்டரிப் பையனும் மில் பெண்ணும்



அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு 1985இல் ‘எண்டர்ஸ் கேம்’ என்றொரு நாவலை வெளியிட்டார். எண்டர் என்ற அபார அறிவுள்ள ஆறு வயதுச் சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பூமிக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் படைப்பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். வேற்றுக்கிரகத்தாரோடு நடக்கவிருக்கும் போருக்கு அவனைத் தளபதியாக்குவது பெரியவர்களின் திட்டம். 2013இல் அது திரைப்படமாகவும் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் அதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். “இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் எங்கே சார் இருக்கிறது, எப்படிச் சேருவது?” என்று கேட்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். ஓசூரில் இருந்துகொண்டு சொல்லும்போது அந்தப் பதிலுக்குத் தனிக் கனம் உண்டு. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

விண்வெளியில் படைப்பள்ளி எதுவும் கிடையாது. பூமியில் இருக்கிறது. நமக்கு மிக அருகில் இருப்பது பெங்களூரு ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளி, 1946இல் தொடங்கப்பட்டது. அங்கே இடங்களில் பெரும்பகுதி படைவீரர்களின் பிள்ளைகளுக்கு. டேராடூனில் 1922 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய இந்திய மிலிட்டரி கல்லூரி இன்னொன்று. எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். மூன்றாவது வகை சைனிக் பள்ளிகள். 1961இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். படை அதிகாரிகள் சில பகுதிகளிலிருந்தும் சில வகை வீடுகளிலிருந்தும் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள். எளிய வீட்டுப் பிள்ளையும் அதிகாரியாக வர வேண்டும் என்பது திட்டத்தின் உயிர். முதல் பள்ளி மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் அமைந்தது. நம் மாநிலத்துக்கு 1962 ஜூலையில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில், அணைக்குப் பக்கத்தில் வந்தது.

இந்தச் சைனிக் பள்ளிகளின் நுழைவுத்தேர்வைப் பற்றி ஒரு செய்தியை இந்த அவையில் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்கான தேர்வை 10 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண். அதில் பாதி கணக்குக்கு. தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம், கன்னடத்திலும் எழுதலாம், உருதுவிலும் எழுதலாம். ஓசூர் கடைத்தெருவில் காதில் விழும் நான்கு மொழிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளையைக் குழப்பமான பிள்ளை என்று நினைக்கிற ஆசிரியர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி வளர்வது அந்தப் பிள்ளையின் செல்வம். 2021இலிருந்து பெண் பிள்ளைகளும் சேரலாம். இந்த விவரம் சூளகிரி, தளி, அஞ்செட்டி பக்கத்து அரசுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் ஒட்டப்பட வேண்டியது.

சரி, படைப்பள்ளியில் சேர்ந்தால் விண்வெளிக்குப் போய்விடலாமா? இங்கேதான் கதையும் நிஜமும் பிரிகின்றன.

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரம் தும்பாவில், இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான நால்வரின் பெயரைப் பிரதமர் அறிவித்தார். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படை அதிகாரிகள், நால்வரும் சோதனை விமானிகள், நால்வரும் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்றவர்கள். அஜித் கிருஷ்ணன் 1982இல் சென்னையில் பிறந்தவர். விமானப்படை அகாடமியில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் வீரவாளும் பெற்று, 2003இல் பணியில் சேர்ந்தார். ஏறத்தாழ 2,900 மணி நேரம் பறந்தவர் என்று அறிவிப்பின்போது சொன்னார்கள். பிறருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், குன்னூர் வெலிங்டன் படை அதிகாரிகள் கல்லூரியில் படித்தவர்.

இவர்களின் வயதைக் கவனியுங்கள். விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோயூஸ் டி-11 கலத்தில் ஏறியபோது அவருக்கு 35. சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4 பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோது 39. பள்ளிப் படிப்பை லக்னோவின் ஒரு சாதாரணப் பகல்நேரப் பள்ளியில் முடித்தவர் அவர், படைப்பள்ளிக்குப் போனவரல்லர். நாயர் 1976இல் பிறந்தவர். ஆறு வயதில் பிடித்துக்கொண்டு போய்ப் பழக்கியவர் என்று இந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் வாசலே பதினாறரை வயதில்தான் திறக்கிறது.

சோதனை விமானிகளை ஏன் தேடுகிறார்கள்? யாரும் ஓட்டிப் பார்க்காத இயந்திரத்தை ஓட்டுவது அவர்களின் தொழில். இயந்திரம் என்ன செய்தது, எந்த நொடியில் செய்தது, அதற்குத் தான் என்ன செய்தேன் என்று இறங்கி வந்து ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தனக்கு ஆபத்து வந்த நிமிடத்தையும் அடுத்தவர் விமானத்தில் நடந்ததைப்போல விவரிக்க வேண்டும். அந்த நிதானம் மூளையின் வேகத்தால் வருவதில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து, சிலமுறை பயந்து, உடன் பணியாற்றியவர்களில் ஓரிருவரை இழந்து, அதன் பிறகும் மறுநாள் காலையில் பணிக்கு வந்து நின்றதால் வருவது. அமெரிக்கா 1959இல் தன் முதல் ஏழு விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோதும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவத்தைக் கேட்டது.

உடலும் இதையே சொல்கிறது. எடையற்ற நிலையில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. எலும்பு தன்மீது விழும் பாரத்தால்தான் கெட்டிப்படுகிறது. பாரம் இல்லாவிட்டால் கரைகிறது. வளர்ந்தவர் திரும்பி வந்து பயிற்சியால் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம். எலும்பு நீண்டுகொண்டிருக்கும் பிள்ளையை அங்கே வைத்து வளர்ப்பது எந்த மருத்துவரும் ஒப்பாத காரியம். கதிர்வீச்சும் வளரும் உடலையே கூடுதலாகத் தாக்கும்.

ககன்யான் விமானிகளின் உடலைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த இடம் நமக்குத் தொலைவில் இல்லை. பெங்களூரு விமானபுராவில் இருக்கிறது விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம். 1957இல் தொடங்கியது. நீண்ட இரும்புக் கையின் முனையில் ஒரு கூண்டு. அதில் ஆளை உட்காரவைத்துச் சுழற்றினால் உடலின் எடை பல மடங்காகும், ரத்தம் தலையிலிருந்து இறங்கும், கண் இருளும். அந்த இருட்டுக்கு நடுவே எதிரே எரியும் விளக்கைக் கவனித்துப் பதில் சொல்ல வேண்டும். விண்வெளி வீரர் பயிற்சி மையமும் அதே நகரில்தான் இருக்கிறது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பயணம் செய்கிற தூரம்.

எண்டரின் பள்ளியைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு பழைய நிறுவனம் நம் ஓசூர்ப் பகுதியிலேயே இருக்கிறது. மத்திகிரி கால்நடைப் பண்ணை. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கியது. குட்டியிலேயே பார்த்து, உயரமும் மார்பும் அளந்து, தேறியதைப் பழக்கி, தேறாததைக் கழிப்பார்கள். படைக்கு வேண்டிய குதிரையை உண்டாக்க அது நல்ல வழி. எண்டரின் பள்ளி மனிதக் குட்டிகளுக்கு நடத்தும் மத்திகிரிப் பண்ணை. குதிரை யாருடைய சண்டைக்குப் போகிறோம் என்று கேட்பதில்லை. நாவலில் எண்டருக்கும் அது தெரியாது. விளையாட்டு என்று நம்பி அவன் நடத்தியது நிஜப்போர் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குக் குழந்தை ஏன் தேவைப்பட்டது என்பது அங்கே வெளிப்படுகிறது. கேள்வி கேட்கத் தெரிந்த தளபதி அவர்களுக்கு வேண்டாம்.

தமிழர்களாகிய நாம் இதைக் கதையாக மட்டும் படித்துவிட முடியாது. பாக் நீரிணைக்கு அப்பால் நம் மொழி பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் போருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். யுனிசெஃப் அந்தப் பிள்ளைகளின் வழக்குகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்தது. போராட்டத்தின் நியாயங்கள் பற்றி எந்தக் கருத்துக் கொண்டவராக இருந்தாலும், பள்ளிப் பையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கி மாட்டிக்கொண்ட பிள்ளையின் முன்னால் பேச்சு நின்றுபோக வேண்டும். 18 வயது நிரம்பாதவரை நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற விருப்ப உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2000ஆம் ஆண்டு ஏற்றது. இந்தியா 2005இல் அதை உறுதி செய்தது. நம் சைனிக் பள்ளிகளை அந்த வரிசையில் வைத்துப் பேசுவது அநியாயம். அங்கே பாடப்புத்தகமும் விளையாட்டுத் திடலும் விடுமுறையும் உண்டு. பள்ளி முடித்த பிள்ளை மருத்துவத்துக்கோ ஆசிரியப் பணிக்கோ போகலாம், பலர் போயிருக்கிறார்கள். திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கிறதா என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். விண்வெளிக்கு முதலில் போன ஆணும் முதலில் போன பெண்ணும் எங்கிருந்து வந்தார்கள்?

யூரி ககாரின் 1934இல் க்ளூஷினோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தச்சர், கூட்டுப்பண்ணை வேலை. ஜெர்மானியப் படை ஊரைப் பிடித்தபோது குடும்பம் வீட்டை இழந்து மண் குடிசையில் கிடந்தது. போர் முடிந்ததும் பையன் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் லூபெர்த்ஸி என்ற ஊரில், விவசாய இயந்திரத் தொழிற்சாலையை ஒட்டிய தொழிற்பள்ளியில் சேர்ந்தான். படித்தது மோல்டர் வேலை. உருக்கிய இரும்பை அச்சில் வார்க்கிற ஃபவுண்டரித் தொழில். பகலில் அனலுக்கு முன்னால் நின்றுவிட்டு, மாலையில் இளந்தொழிலாளர்களுக்கான பள்ளிக்குப் போய் விட்டுப்போன வகுப்பைப் படித்தான். 1951இல் மோல்டர் சான்றிதழ் கிடைத்தது. அங்கிருந்து வோல்கா கரையில் சராத்தவ் நகரத் தொழில்நுட்பப் பள்ளி. அந்த நகரில் ஒரு பறக்கும் சங்கம் இருந்தது. படிப்புக்கு நடுவே போய் யாக்-18 என்ற சிறு பயிற்சி விமானத்தில் பறக்கப் பழகினான். கைச்செலவுக்கு ஆற்றுத் துறையில் மூட்டை இறக்கினான். 1955இல் 21 வயதில் விமானப்படைப் பள்ளி. 1960இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இருபது பேரில் ஒருவர். 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிட விண்வெளிப் பயணம். வயது 27.

வலெந்தினா தெரெஷ்கோவா 1937இல் பிறந்தவர். டிராக்டர் ஓட்டுநரான அப்பா பின்லாந்துப் போரில் இறந்தார். அம்மா மில் தொழிலாளி. மகள் யாரோஸ்லாவ்ல் நகரில் முதலில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு அம்மாவைப் போலவே துணி மில்லுக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் படித்தார். உள்ளூர்ப் பறக்கும் சங்கத்தில் சேர்ந்து 1959இல் முதல் தடவை பாராசூட்டில் குதித்தார். ககாரின் போய் வந்த மறு ஆண்டு ஐந்து பெண்களில் ஒருவராகத் தேர்வானார். 1963 ஜூன் 16இல் கிளம்பி பூமியை 48 முறை சுற்றினார். 26 வயது.

மில் பெண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ககாரினும் தெரெஷ்கோவாவும் போன வஸ்தோக் கலம் பெரும்பாலும் தானாக இயங்கியது; ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது மெதுவாக இறங்க அதற்குத் தெரியாது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் உயரத்தில் பயணி வெளியே எறியப்பட்டு, தனிப் பாராசூட்டில் இறங்க வேண்டும். ஆகவே பாராசூட்டில் குதித்துப் பழகியவர்களைத் தேடினார்கள். அந்தப் பழக்கம் தெரெஷ்கோவாவுக்கு ஓய்வு நேரத்தில் வந்தது. அந்தப் பறக்கும் சங்கங்கள் படைத் தேவைக்காக அரசு பணம் கொடுத்து நடத்தியவை என்பதையும் மறைக்கக் கூடாது. சோவியத் அரசு இவர்களின் தொழிலாளர் பிறப்பைப் பிரச்சாரத்துக்கும் பயன்படுத்திக்கொண்டது. அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளி நடந்துபோகும் தூரத்தில் ஒரு பறக்கும் சங்கம் இருந்தது; அதன் கதவு மாலையில் திறந்திருந்தது. இருபது வயதில் தன் ஆசையைக் கண்டுகொள்ளும் மனிதருக்கும் அங்கே இடம் இருந்தது. மேதைக் குழந்தையைத் தேடிப் பிடிப்பதைவிட இந்த ஏற்பாடு பெரிது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது ஓசூரைப் பாருங்கள். ககாரின் படித்த மோல்டர் வேலையை இங்குள்ள ஃபவுண்டரிகளில் நூற்றுக்கணக்கானோர் செய்கிறார்கள். 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தபோது, பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கைக்கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களைக் கையாளப் பழக்கினார்கள். கேழ்வரகு விளையும் ஊர்களிலிருந்து வந்த விரல்கள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டன. அந்தக் குழுமத்தின் துல்லியப் பொறியியல் பிரிவு இன்று விமானப் பாகங்களும் செய்கிறது. தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்துக்குச் சொந்த விமான ஓடுதளமே இருக்கிறது. இத்தாலியின் பார்த்தனாவியா நிறுவனத்தோடு சேர்ந்து ஆறு பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானம் அங்கே செய்தார்கள். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானமும் அங்கேதான் உருவாயிற்று. இருவர் அமரும் அந்தச் சிறு விமானம் நாட்டின் பறக்கும் சங்கங்களுக்காகச் செய்யப்பட்டது. சராத்தவில் ககாரினுக்கு யாக்-18 எதுவோ, அதையே நம் ஊர்த் தொழிலாளிகள் தம் கையால் செய்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அதில் உட்கார்ந்து பழக அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு வழி உண்டா? வணிக விமானி உரிமம் பெற அரைக் கோடி ரூபாய் ஆகிறது, தாண்டியும் போகிறது. ஃபிட்டர் அப்பாவால் ஆகிற காரியமில்லை. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரட்டும். அந்தத் திட்ட வரைபடத்தின் ஒரு மூலையில், தொழிலாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமான ஒரு பறக்கும் சங்கத்துக்குச் சில ஏக்கரை இப்போதே குறித்துவைக்கும்படி இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். நிலம் எடுத்து முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளிப் பக்கம் ஸ்கூட்டர் தொழிற்சாலையிலும், கெலமங்கலம் பக்கம் கைப்பேசிப் பாகத் தொழிற்சாலையிலும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலையிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். பலருக்கு 19, 20 வயது. தெரெஷ்கோவா மில்லில் வேலை பார்த்த வயது. பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வீட்டுச் சூழல் அவர்களை வேலைக்கு அனுப்பியது. “படிப்பு முடிந்தது” என்று நாம் அவர்களைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறோம். கம்பெனி பஸ் விடுதியிலிருந்து வாயிலுக்கும் வாயிலிலிருந்து விடுதிக்கும் ஓடுகிறது. வாரத்தில் இரண்டு மாலை அது ஒரு படிப்பகத்தின் வழியாகவும் போகலாம். ஆட்களைச் சேர்க்க மாநிலம் மாநிலமாகப் போகிற நிறுவனங்களுக்கு இது பெரிய செலவில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022இல் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டது. விண்வெளிக்குப் போகும் அடுத்த அணிகளில் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காணப்பட்டவர்களாக இருக்கத் தேவையில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு என்று ஒன்றை வைத்திருக்கிறேன். சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்த நாட்களில் ஹாம் ரேடியோ வழியாக நம் நாட்டு மாணவர்களோடு பேசினார். அங்கே பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிலையம் நம் தலைக்கு மேலே கடந்து போகும்போது அதன் ஒலியை 145.800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்கலாம். சாதாரணக் கையடக்க ரேடியோவும் ஒழுங்காகக் கட்டிய ஆன்டெனாவும் போதும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குள் அடிவானத்தில் இறங்கிவிடும், வேகம் அப்படி. கேட்பதோடு நிற்காமல் பேசவும் வேண்டுமானால் மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது 12. மின்சுற்றும் அலைகளும் சட்டமும் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலோடு இன்னும் கொஞ்சம் படித்தால் முடியும். ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளைக் கொடுத்தால் இந்த நகரில் ஒரு ரேடியோ சங்கம் ஆண்டுக்குள் நடக்கத் தொடங்கும். இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு வட்டித் தொகையை அதற்குக் கொடுக்கலாம் என்று அதை நிறுவிய குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாணவர்கள் மட்டும் என்றில்லை. ஷிஃப்ட் முடிந்து இங்கு வந்திருக்கும் தொழிலாளர்களும் எழுதலாம். இப்போது கேள்விகள் கேட்கலாம். பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.